தேடினால் கிடைக்க வேண்டும்

(புதுதில்லியில் தமிழறிந்த மத்திய அரசு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



மென்பொருளில் புதிதாக என்னென்ன வந்துள்ளன, மின் அஞ்சலிலும் இணையத் தேடலிலும் நமக்குப் பயன்படக்கூடிய கருவிகள் யாவை என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் கணிப்பொறி வல்லுநன் அல்லன். பொருளாதாரம் பயின்றுவிட்டு, அரசாங்கக் கோப்புகளோடு காலம் கழித்து வருபவன். ஆகவே புதிய கருவிகளை வரிசையாக ஒப்பிப்பதைவிட, அவை நம் அலுவலகங்களுக்குள் நுழைந்ததும் செயலற்றுப் போகும் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டுவதே என்னால் இயன்றது என்று கருதுகிறேன்.

2003-ஆம் ஆண்டில் வட மாநிலம் ஒன்றில் ஆய்வுப் பணிக்காகச் சில வாரங்கள் தங்கியிருந்தேன். வறட்சியால் பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு மானிய விலையில் விதை வழங்குவது தொடர்பான சுற்றறிக்கை ஒன்று, தலைமை அலுவலகத்திலிருந்து மாவட்டங்களுக்கு மின் அஞ்சலில் அனுப்பப்பட்டது. தபாலில் அனுப்பினால் தாமதமாகும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஒரு மாவட்ட அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் திறந்த எழுத்தருக்கு இந்தி எழுத்து ஒன்றுகூடத் தென்படவில்லை. திரை முழுதும் பொருளற்ற ரோமன் எழுத்துகளின் குவியல். பழுதடைந்த கோப்பு என்று அதை அவர் ஒதுக்கி வைத்தார். மூன்று வாரங்களுக்குப் பின் நினைவூட்டுக் கடிதம் வந்தது. அதுவும் அதே எழுத்துருவில்! பயனாளிகள் பட்டியல் அந்த மாவட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது விதைப்புக் காலம் முடிந்துவிட்டிருந்தது. அவ்வட்டார விவசாயிகள் வியாபாரியிடம் முழு விலை கொடுத்து விதை வாங்கி விதைத்திருந்தனர். இதில் எவர் மீது குற்றம் சாட்டுவது? அனுப்பியவரும் கடமையைச் செய்தார்; பெற்றவரும் வேண்டுமென்று எதையும் மறைக்கவில்லை.

இதன் காரணத்தைச் சற்று விளக்கமாகக் கூற விரும்புகிறேன். கணிப்பொறி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களையே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதில் எல்லா இயந்திரங்களுக்கும் உடன்பாடு இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்த உடன்பாடு 1960-களிலேயே ஏற்பட்டுவிட்டது. நம் மொழிகளுக்கு அது ஏற்படுவதற்கு முன்பே கணிப்பொறிகள் அலுவலகங்களுக்கு வந்துவிட்டமையால், ஒரு குறுக்கு வழி கையாளப்பட்டது. ரோமன் எழுத்துக்குரிய எண்ணையே வைத்துக்கொண்டு, அதன் மேல் இந்தி அல்லது தமிழ் எழுத்தின் உருவத்தை மட்டும் போர்த்திவிட்டார்கள். இந்தியில் கிருதி தேவ் என்பது அத்தகைய எழுத்துரு. அதில் 'பாரத்' என்று தட்டச்சு செய்தால் திரையிலும் தாளிலும் அழகிய தேவநாகரி தெரியும். ஆனால் உள்ளே பதிவாகியிருப்பது எச், கே, கே, ஜே, ஆர் என்ற ஐந்து ரோமன் எழுத்துகளே. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் போர்வை நழுவிவிடுகிறது. குவியல் மட்டும் எஞ்சுகிறது. தமிழிலும் இதே நிலைமை பல ஆண்டுகள் நீடித்தது. ஒவ்வோர் அச்சகத்துக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு என்றிருந்தது.

தீர்வு இல்லாமல் போகவில்லை. இந்திய மொழிகளுக்கான பொதுக் குறியீட்டு முறையை இந்தியத் தரக் கழகம் 1991-இல் தரமாக ஏற்றது. அதே ஆண்டில் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் நம் ஒன்பது வரிவடிவங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. தமிழும் அவற்றுள் ஒன்று. அரசு மின்னாளுகைப் பணிகளுக்கு யூனிகோடே தரம் என மத்திய அரசு 2009 நவம்பரில் அறிவித்தது. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆணைகள் உள்ளன, ஆயினும் பழைய ரெமிங்டன் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் பழைய எழுத்துருவையே நாடுகின்றன. சில மாநிலங்களில் தட்டச்சுத் தேர்வுகளே கிருதி தேவில் நடைபெற்று வந்துள்ளன. தேர்வை மாற்றாமல் பழக்கத்தை மட்டும் மாற்றச் சொல்வது எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இனி தேடலுக்கு வருவோம். ஒரு நூலின் இறுதியில் சொல்லடைவு தரப்பட்டிருக்குமல்லவா? எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்ற அட்டவணை. தேடுபொறி என்பது உலக இணையப் பக்கங்களுக்கெல்லாம் முன்கூட்டியே தயாரித்து வைத்த சொல்லடைவுதான். நாம் ஒரு சொல்லைத் தந்ததும் அது இணையம் முழுவதையும் அலசுவதில்லை. தன் அடைவைப் புரட்டுகிறது. அடைவில் ஏறாத பக்கம் அதைப் பொறுத்தவரை எழுதப்படாத பக்கமே. 'பாரத்' என்று தேடும் குடிமகனுக்கு, எச்.கே.கே.ஜே.ஆர். என்று பதிவான அரசாணை எவ்வாறு கிடைக்கும்?

பொருளாதார மாணவர்கள் இங்கு இருப்பின் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-இல் வெளியிட்ட கட்டுரையை அறிந்திருப்பார்கள். ஒரே பொருள் ஒரே சந்தையில் பல விலைகளுக்கு விற்பதற்கு, விலையை விசாரித்தறிய ஆகும் செலவும் ஒரு காரணம் என்று அவர் காட்டினார். தேடும் செலவு குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1997-க்கும் 2001-க்கும் இடையே வட கேரளக் கடற்கரையில் கைபேசி வசதி வந்ததும், கடலிலிருந்தபடியே எந்தத் துறையில் மத்தி மீனுக்கு நல்ல விலை என்று மீனவர்கள் விசாரிக்கத் தொடங்கினர். ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி அவர்களது இலாபம் 8 சதவீதம் உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. விற்காமல் வீணாகும் மீன் ஏறத்தாழ இல்லாமற் போயிற்று. அரசாங்கம் வெளியிடும் தகவலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மானியம் இருக்கிறது, அதற்கான ஆணையும் இருக்கிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை என்றால், அந்தத் தேடும் செலவை இடைத்தரகர் தம் கூலியாக வசூலித்துக்கொள்கிறார்.

சட்டமும் இதைத்தான் வற்புறுத்துகிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றதும் நமக்கு மனுக்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் 4-ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அடைவு செய்து, வசதிக்கேற்பக் கணிப்பொறியில் ஏற்றி, மனு எதுவும் வராமலே தகவல்களைத் தாமாக வெளியிட வேண்டும் என்று விதிக்கிறது. வட்டார மொழியையும் அது குறிப்பிடுகிறது.

இங்கே நம் அலுவலகங்களில் வேரூன்றிவிட்ட ஒரு விசித்திரமான வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கடிதத்தைக் கணிப்பொறியில் தயாரிக்கிறோம். அதைத் தாளில் அச்சிடுகிறோம். கையெழுத்திட்டு, முத்திரையிட்டு, ஸ்கேன் இயந்திரத்தில் சற்றே சாய்வாக வைத்துப் படம் பிடித்து, அந்தப் படத்தை மின் அஞ்சலில் அனுப்புகிறோம். பெறுபவர் அதைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்கிறார்! எழுத்தாக இருந்ததைப் படமாக்கி, தேடலுக்கு எட்டாததாக நாமே செய்துவிடுகிறோம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு அளித்துள்ளது. இந்திய அரசிதழே 2015 அக்டோபர் முதல் தாளில் அச்சிடப்படாமல் மின்னணு வடிவில் வெளிவருகிறது. ஆகவே படம் பிடிக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. அச்சிட்ட கையெழுத்துப் பிரதி கோப்பில் இருந்தே ஆக வேண்டும் என்று எவரேனும் வற்புறுத்தினால், மூலக் கோப்பையும் உடன் இணைத்து அனுப்புங்கள். இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

ஏற்கெனவே படங்களாகக் கிடப்பவற்றை என் செய்வது? இதற்குத்தான் நான் அறிந்தவற்றுள் மிகப் பயனுள்ள கருவி இருக்கிறது. டெசராக்ட் என்பது அதன் பெயர். ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் 1985-இல் தொடங்கப்பெற்று, 2005-இல் எவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு திறந்துவிடப்பட்ட மென்பொருள் அது. படத்திலுள்ள எழுத்தை வாசித்து யூனிகோடு எழுத்தாக மாற்றித் தரும். இந்தி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளையும் வாசிக்கும். இணைய இணைப்பு இல்லாமலே உங்கள் கணிப்பொறியில் இயங்கும் என்பதால் ஆவணம் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. பிழைகள் வரும், பழைய தட்டச்சுப் பிரதிகளில் நிரம்பவே வரும். எண்களை மட்டும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்தாக வேண்டும். 3 என்பது 8 ஆனால் மானியத் தொகையே மாறிவிடும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளுக்கு இவ்வளவு சிரமம்கூட இல்லை. அவற்றை யூனிகோடாக மாற்றும் இலவச மென்பொருள்கள் உள்ளன.

தேடுபவருக்கும் சில குறிப்புகள். அரிதான சொல்லே அதிகம் உதவும் என்பதைக் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1972-லேயே கணக்கிட்டுக் காட்டினார். 'அரசுத் திட்டம்' என்று தேடுவதைவிட ஆணை எண்ணையோ, திட்டத்தின் முழுப் பெயரையோ மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுவது பன்மடங்கு பயன் தரும். கூகுளில் சைட் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளியிட்டு, இடைவெளியின்றி ஓர் அமைச்சகத்தின் இணைய முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடலாம். நம் மொழிகளில் சொல் உருமாறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பஞ்சாயத்து, பஞ்சாயத்தின், பஞ்சாயத்துகளுக்கு என்று மூன்று விதமாகவும் முயன்று பாருங்கள். இந்தி என்ற சொல்லையே தேவநாகரியில் இருவிதமாக எழுதுகிறார்கள்.

இணையதளத்தைப் புதுப்பித்தவுடன் பழைய முகவரிகள் யாவும் செத்துப்போவது இன்னொரு தொல்லை. கூகுள் தான் சேமித்திருந்த பக்கப் பிரதிகளைக் காட்டும் வசதியை 2024-இல் நிறுத்திவிட்டது. 1996-இல் நிறுவப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின் வேபேக் மெஷின் இப்போது நமக்குத் துணை. மறைந்துபோன பக்கத்தின் முகவரியை அதில் இட்டால், பல சமயங்களில் பழைய தோற்றத்தோடு மீண்டும் கிடைக்கிறது. நம்முடைய சுற்றறிக்கையை நாமே ஓர் அயல்நாட்டுக் காப்பகத்தில் தேடி எடுப்பது எனக்கு மகிழ்ச்சி தருவதன்று, எனினும் எடுத்திருக்கிறேன்.

மின் அஞ்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய வசதி அளித்தபோது, அஞ்சல்களைப் படித்ததும் அழித்துவிடுவதே நியதி. அவற்றை வைத்திருக்க இடமில்லை. 2004 ஏப்ரலில் ஜிமெயில் ஒரு கிகாபைட் இடம் தந்தபோது அழிக்கவும் வேண்டாம், அடுக்கவும் வேண்டாம், தேடிக்கொள்ளலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆனால் பொருள் வரியில் 'மிக அவசரம்' என்று மட்டும் எழுதினால் எதை வைத்துத் தேடுவது? என் அஞ்சல் பெட்டியில் இந்தச் சொற்றொடரைத் தேடிப் பார்த்தேன். ஏறத்தாழ எல்லாக் கடிதங்களுமே வந்தன. திட்டம், மாவட்டம், ஆண்டு ஆகிய மூன்றும் பொருள் வரியில் இருந்தாலே போதும். அஞ்சல் முகவரியையே இந்திய எழுத்துகளில் அமைத்துக்கொள்ள 2012-இல் பன்னாட்டு விதிமுறை வந்துவிட்டது. எனினும் விண்ணப்பப் படிவங்கள் பல அத்தகைய முகவரியைத் தவறானது என்று நிராகரிக்கின்றன. நம் அலுவலகப் படிவங்களும் அப்படிச் செய்கின்றனவா என்று சோதித்துப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கூகுள் 2024 ஆகஸ்டில் இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தேடலுக்குச் சுருக்க விடைகளைத் தரத் தொடங்கியது. மத்திய அரசின் பாஷினி 2022-இலிருந்து செயல்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு 22 மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மென்பொருளை 2023-இல் இலவசமாக வெளியிட்டது. இவை மெச்சத்தக்க முன்னேற்றங்கள். ஆனால் இந்த இயந்திரங்களும் தமக்கு வாசிக்கக் கிடைத்ததைக் கொண்டே விடை சொல்கின்றன. நம் ஆணை படமாகவோ குவியலாகவோ கிடந்தால், அதே பொருள் பற்றி வேறொருவர் எழுதிய அரைகுறைச் செய்தியிலிருந்து விடை தயாராகும். அதுவும் தயக்கமில்லாத நடையில். முன்பு விடை கிடைக்காதிருந்தது; இப்போது தவறான விடை கிடைக்கக்கூடும். இரண்டில் எது தீங்கு? அலுவலக ஆவணங்களை வெளியார் கருவிகளில் இடுவதைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் அலுவலகக் கணிப்பொறிகளில் அத்தகைய கருவிகளைத் தவிர்க்குமாறு தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது.

சென்ற மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து வெளியான சுற்றறிக்கை ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருந்தோம். தேநீருக்குப் பின் பக்கத்து அறையில் அதைத் திறந்து, அதிலுள்ள ஒரு சொல்லைத் தேடும் கட்டத்தில் இட்டுப் பாருங்கள். பின்னர் அதிலிருந்து ஒரு வரியைப் பிரதியெடுத்து வெற்றுத் தாளில் ஒட்டிப் பாருங்கள். சில பிடிஎஃப் கோப்புகள் எழுத்தின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு குறியீட்டைத் தவறவிட்டிருக்கும், அதுவும் அப்போது தெரிந்துவிடும். டெசராக்ட் அங்குள்ள கணிப்பொறிகளில் நிறுவப்பட்டிருக்கிறது. தேறாத கோப்புகளை இன்றே மாற்றி, உரிய தளத்தில் ஏற்றிவிட்டுப் போகலாம்.