வீட்டு மொழி தமிழ் என்றே எழுதுங்கள்



அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் ஒரு படிவம் நீட்டுவார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி எது? வீட்டில் பேசுவது எது? அந்த இடத்தில் தமிழ்ப் பெற்றோர்களான நம்மில் சிலருக்குப் பேனா நகர மறுக்கிறது. தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் வராதவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம்!

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1978-இல் இந்நாட்டுச் சட்டம் ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைகளுக்குச் சூட்டிய பெயர் 'லிமிடெட் இங்கிலீஷ் புரொஃபிஷியன்ட்', அதாவது ஆங்கிலத் திறன் குறைந்தவர். பாட்டியோடு தமிழில் வாதாடி ஜெயிக்கிற ஏழு வயதுப் பிள்ளை, பள்ளி வாசலைத் தாண்டியதும் அரைகுறை! பேராசிரியர் ஒஃபீலியா கார்சியாவும் சகாக்களும் 2008-இல் இத்தகைய பிள்ளையை 'எமர்ஜென்ட் பைலிங்குவல்' என்றார்கள்; இரண்டு மொழிக்காரனாக வளர்ந்துவருகிறவன் என்று பொருள். 2015-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ 'இங்கிலீஷ் லேர்னர்', அதாவது ஆங்கிலம் கற்பவன், என்பதோடு நின்றுகொண்டது.

பெயரில் எனக்கும் குறை உண்டு. ஆனால் பெயருக்குப் பயந்து உரிமையை விட்டுவிடலாமா? சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர், தனி உதவி ஏதுமில்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர்கள் வழக்காடினார்கள். ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' என்ற அந்த வழக்கின் பலன் நம் பிள்ளைக்கும் உரியது. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அது வகுப்பறைக்கு வந்து சேரும்.

ஆகவே உண்மையை எழுதுங்கள். ஆங்கிலம் நன்றாக வருகிற பிள்ளை தேர்வில் தேறிவிடும். அந்தப் பெயரே ஒட்டாது. வராத பிள்ளைக்கு உதவி கிடைக்கும். சிறப்பு வகுப்பு வேண்டாமென்று மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆனால் பெயர் விழுந்தபின் சும்மா இருக்காதீர்கள். ஆண்டுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேளுங்கள். எந்தத் திறனில் பின்தங்குகிறான், எப்போது பட்டியலிலிருந்து வெளியே வருவான் என்று கேளுங்கள். ஆறேழு வருடம் அதே பட்டியலில் கிடந்தால் கேள்வி பள்ளியைப் பார்த்துத்தான்!

ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். இரு மொழியில் தேர்ந்த மாணவருக்குப் பள்ளி இறுதியில் 'சீல் ஆஃப் பைலிட்டரசி' என்ற முத்திரையைப் பல மாநிலங்கள் வழங்குகின்றன. நம் பிள்ளை மேல் குத்த வேண்டிய முத்திரை அதுதான்!