நீரளந்து விதைப்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளவேனிற் காலத்தில் வீட்டுக் காய்கறித் தோட்டம் அமைப்பது பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்தனர். நாங்கள் உழவர் அல்லோம். வேளாண்மைக் கல்லூரியில் பயின்றவரும் அல்லோம். இந்த ரிச்சர்ட்ஸ் டவுனில், வீட்டின் பின்புறம் பத்தடி நிலத்தையும் மொட்டைமாடியில் சில தொட்டிகளையும் வைத்துக்கொண்டு, செய்த பிழைகளினாலே சிறிது கற்றுக்கொண்ட குடும்பத்தினர். அப்பிழைகளுள் பெரியதை முதலிற் கூறிவிடுகிறோம்.

2024ஆம் ஆண்டு மாசி மாதம். பனி நீங்கிற்று, தெருவோரத்துத் தபேபூயா மரங்கள் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாய்ப் பூத்து நின்றன. எங்களுக்கும் ஆசை பிறந்தது. வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், கீரை என முப்பத்தாறு தொட்டிகளில் விதையிட்டோம். நாற்றுகள் நான்கிலை விட்ட வேளையில் எங்கள் ஆழ்குழாய்க் கிணறு வற்றிவிட்டது. காவிரிக் குழாயில் வந்த நீர் குடிக்கவும் சமைக்கவுமே போதியதாயிருந்தது. மார்ச் மாதத்தில் பெங்களூர்க் குடிநீர் வாரியம், குடிநீரைத் தோட்டத்திற்கும் வண்டி கழுவுவதற்கும் பயன்படுத்தலாகாது என்றும், மீறினால் 5,000 ரூபாய் தண்டம் என்றும் ஆணையிட்டது.

இரவில் குழாயைத் திறந்துவிட்டால் யார் அறிவார் என்ற எண்ணம் எங்களுக்கு எழவில்லையென்றால் அது பொய்யாகும். மறுநாட் காலையில், பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மையார் வெறுங்குடத்தோடு எங்கள் வாயிலில் வந்து நின்றார். அவருக்கு அரைக்குடமே தர இயன்றது. அதன்பின் அந்த எண்ணம் தானே அடங்கிவிட்டது.

அன்று எங்கள் வீட்டுப் பாட்டியார் ஒரு வழி சொன்னார். அரிசி களைந்த நீர், பருப்புக் கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் ஆகியவற்றைச் சாக்கடையில் விடாது ஒரு வாளியில் சேர்த்தோம். மாலையில் பிள்ளைகள் அளந்து பார்த்தனர். ஐவர் வாழும் எங்கள் இல்லத்தில் நாளொன்றுக்குப் பதினாறு லிட்டர் தேறிற்று. வேனிலில் வளர்ந்த செடிக்குத் தொட்டியொன்றுக்கு ஒரு லிட்டராவது வேண்டும். முப்பத்தாறு தொட்டி எங்கே, பதினாறு லிட்டர் எங்கே! எவற்றைக் காப்பது, எவற்றைக் கைவிடுவது என்று அன்றிரவு வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. தம் கையால் ஊன்றிய தக்காளியை விடமாட்டோம் என்று பிள்ளைகள் அழுதனர். முடிவில் பதினான்கு தொட்டிகளை வைத்துக்கொண்டோம். சில நாற்றுகளைக் கிணறுடைய அன்பர் ஒருவருக்குக் கொடுத்தோம். எஞ்சியவை எங்கள் கண்முன்னேயே வாடின. விதையை எண்ணுவதற்கு முன் நீரை அளக்க வேண்டும் என்னும் பாடத்தை அவ்வாறு கற்றோம்.

இப்பாடம் இவ்வூருக்குப் பெரிதும் உரியது. பெங்களூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுநிலம். இங்கே வற்றாத பேராறு இல்லை. முன்னோர் ஏரிகளை வெட்டி மழைநீரைத் தேக்கி வாழ்ந்தனர். அவ்வேரிகளின் கீழே காய்கறியும் பூவும் பயிரிட்டுப் புகழ்பெற்றவர் திகளர் என்னும் தோட்டக்கார மக்கள். அவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர் என்பது வழக்கு. சைத்திர மாதத்துப் பௌர்ணமியை ஒட்டித் தர்மராயசுவாமி கோயிலில் நிகழும் கரக விழா அவர்களுடையதே. அவ்விழாவோடு தொடர்புடைய சம்பங்கி ஏரி தூர்ந்து, அதன் படுகையில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. ஏரி போனபின் அதனை நம்பிய தோட்டங்களும் போயின. 1974 முதல் காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொணர்கின்றனர். அத்துணை முயற்சியால் வரும் நீரைச் செடிக்குப் பாய்ச்சுமுன் நாம் சற்றுச் சிந்திக்க வேண்டாவா?

அவ்வாறாயின் வேனிலில் தோட்டமே கூடாதோ என வினவலாம். கூடும், அளவறிந்து செய்தல் வேண்டும். எங்கள் அனுபவத்தை முறையாகக் கூறுகிறோம்.

முதலாவது, ஒரு வாரம் விதை வாங்காதீர்கள். வாளியை மட்டும் வையுங்கள். சேரும் நீரை நாள்தோறும் குறித்து, அவ்வளவிற்கேற்பத் தொட்டிகளை முடிவு செய்யுங்கள். உப்பிட்ட நீரும் சோப்புத்தூள் கலந்த நீரும் காய்கறிச் செடிக்கு ஆகா. அரிசி களைந்த நீரை அன்றன்றே ஊற்றிவிடுதல் நன்று, தேங்கினால் நாறும்.

இரண்டாவது, மண். செம்மண், மக்கிய எரு, தென்னைநார்க் கழிவு ஆகிய மூன்றையும் சமமாகக் கலந்தால் தொட்டி இலேசாகவும் ஈரங்காப்பதாகவும் இருக்கும். மேலே இரண்டங்குல உயரம் உலர்ந்த சருகினைப் பரப்புங்கள். இதனை மூடாக்கு என்பர். மாசி, பங்குனியில் நம் தெருக்களில் சருகுக்குப் பஞ்சமில்லை. அதனை எரித்துப் புகையாக்குவதிலும் செடிக்குப் போர்வையாக்குதல் அறிவுடைமை. மூடாக்கு இட்டபின் நாள்தோறும் ஊற்றிய நீர் ஒருநாள் விட்டு ஒருநாளைக்குப் போதியதாயிற்று. காலையிலோ மாலையிலோ ஊற்றுக, உச்சிவேளையில் வேண்டா.

மூன்றாவது, பயிர்த் தேர்வு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் பழமொழி. மழையை நம்பும் பயிருக்கு அதுவே விதி. இளவேனிலில் சிறிது நீரில் விரைந்து பயன்தரும் பயிரே ஏற்றது. வெந்தயக்கீரையும் சிறுகீரையும் நான்கு வாரத்தில் கைக்கு வரும். வெண்டையை நேரே ஊன்றலாம். ஐம்பது நாளளவில் காய்க்கத் தொடங்கும். மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கவல்ல ‘அர்க்கா அனாமிகா’ என்னும் வெண்டை, நம் நகரையடுத்த ஹேசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கியது. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றைச் சிறு தட்டில் நாற்றுவிட்டு, மே மாத மழையை எதிர்நோக்கிச் சித்திரையின் பிற்பகுதியில் நடுங்கள். மார்ச்சு மாதம் இங்கே வறண்டது; மே மாதத்தில் நல்ல மழையுண்டு; செப்டம்பர், அக்டோபரில் அதனினும் மிகுதி. எனவே வேனிலில் நாற்றுவிட்டு, மழையில் விரிவாக்குவதே இவ்வூர்க்கு ஏற்ற முறை. அசுவினி கண்டால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்தல் போதும்.

நான்காவது, வாய்ப்புடையோர் மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேமியுங்கள். மழைநீர்ச் சேமிப்பு இந்நகரில் 2009 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்குச் சட்டமாகவே உள்ளது.

இறுதியாக ஒரு கொடியைப் பற்றிச் சொல்லி அமைகிறோம். நாம் பெங்களூர்க் கத்தரிக்காய் என்றும் சௌசௌ என்றும் கூறும் காயை, நம் கன்னட அன்பர்கள் ‘சீமெ பதனேகாயி’ என்பர். சீமையிலிருந்து வந்த கத்தரிக்காய் என்பது பொருள். அதன் தாயகம் மெக்சிகோவும் அதனையடுத்த நாடுகளும். எங்கிருந்தோ வந்து இம்மண்ணில் வேரூன்றி, இவ்வூரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு நம் தாயகத்துச் சமையலறைக்குச் சென்ற கொடி அது. விதையைப் பிரித்தெடுத்து ஊன்றுவதில்லை. முளைவிட்ட முழுக்காயையே நட வேண்டும்.

சென்ற ஆண்டு வைகாசியில் முதல் மழை விழுந்த மறுநாள், அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார் அத்தகைய முளைவிட்ட காய் ஒன்றை வேலிக்கு மேலாக நீட்டினார். பந்தலை இரு வீட்டாரும் சேர்ந்து கட்டினோம். காய்த்தவற்றுள் முதற் காய்களை, அன்று வெறுங்குடத்தோடு வந்த அம்மையாரின் இல்லத்துக்குப் பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுத்தனர். இவ்வாண்டும் முளைவிட்ட காய்கள் நான்கு எங்களிடம் உள்ளன. நடுவதற்கு இடமும் நாளுக்கொரு வாளி நீரும் உடையவர்கள் விழா முடிந்ததும் எங்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.