லப்போர்த்: ஒரு குடும்பப் பெயரின் பயணம்

புனே நகரிற் குடியேறும் தமிழர் முதன்முதலாகக் கற்கும் மராத்திச் சொற்களுள் 'ஆட்நாவ்' என்பதும் ஒன்று. பள்ளியிலாயினும், வங்கியிலாயினும், பங்கீட்டுக் கடையிலாயினும், நம் பெயரைக் கூறியவுடன் அடுத்து எழும் வினா அதுவே: குடும்பப் பெயர் யாது? நமக்கோ அப்படி ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தையார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டு அமைவது நம் வழக்கம். ராஸ்தா பேட்டையில் வாழும் நண்பர் ஒருவர் தம் மகனைப் பள்ளியிற் சேர்க்கச் சென்றபோது, அந்தக் கட்டத்தில் வேறு வழியின்றித் தம் பெயரையே எழுதிவிட்டார். அன்று முதல் அச்சிறுவனை வகுப்பில் யாவரும் 'சுப்பிரமணியம்' என்றே அழைக்கின்றனர். விளையாட வரும் தோழர்கள் வாயிலில் நின்று அப்பெயரைக் கூவும்போது, உள்ளிருக்கும் தாயார் நாணித் தலை குனிகிறார். கணவர் பெயராயிற்றே!

இந்த இடர்ப்பாடு நமக்கு முன்னரே ஒரு தமிழ்க் கூட்டத்தாருக்கு நேர்ந்தது. அவர்கள் மராத்திப் பெயரையன்று, பிரெஞ்சுப் பெயரைத் தேட வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றாகிய 'லப்போர்த்' என்னும் பெயரைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

'போர்த்' என்றால் வாயில். இலத்தீன் மொழியின் 'போர்ட்டா'விலிருந்து வந்த சொல். மதில் சூழ்ந்த பழைய பிரெஞ்சு நகரங்களில் கோட்டை வாயிலின் அருகே குடியிருந்தவனுக்கும், அவ்வாயிலைக் காத்தவனுக்கும் 'லப்போர்த்' என்னும் பெயர் வழங்கிற்று. ஷனிவார் வாடாவின் தில்லி தர்வாஜாவைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மராட்டிய ஊர்களிலும் ஊர்வாயிலைக் காப்பவனுக்கு 'வேஸ்கர்' என்ற பெயர் உண்டு. ஊராலும் தொழிலாலும் பெயர் அமைவதில் பிரான்சுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் பெரிய வேற்றுமை இல்லை. கடல் கடந்து கனடா சென்ற பிரெஞ்சுக் குடிகளோடு இப்பெயரும் சென்றது. 1970 ஆம் ஆண்டு அக்டோபரில் கடத்திக் கொல்லப்பட்ட கியூபெக் மாநில அமைச்சரின் பெயர் பியேர் லப்போர்த் என்பது நேயர் சிலருக்கு நினைவிருக்கலாம்.

பிரெஞ்சுப் பெயர்கள் புனேக்கும் அயலானவை அல்ல. மகாதஜி சிந்தியாவின் படையைப் பயிற்றியவரைத் 'துபுவாஞ்' என்று வரலாறு கூறும். அவர் சவோய் நாட்டுச் சாம்பேரி நகரில் 1751 இல் பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் 'லபோர்ஞ்'. அதன் பொருள் 'ஒற்றைக்கண்ணன்'! படைத்தலைவருக்கு அப்பெயர் ஒவ்வாதன்றோ? ஓசை அதிகம் மாறாமல் உயர்குடிப் பெயராகத் திருத்திக்கொண்டார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற பெரோன் என்பாரும் பிறப்பிற் பெரோன் அல்லர். பியேர் குய்யே என்பதே அவர் பெயர். 1795 ஆம் ஆண்டுக் கர்டாப் போரில் பேஷ்வா தரப்பில் சிந்தியாவின் படையை நடத்தியவர் இவரே. தனி மனிதர் தம் விருப்பால் பெயர் மாற்றிக்கொள்வது ஒன்று. சட்டம் கேட்க ஒரு கூட்டமே மாற்றிக்கொள்வது வேறொன்று. அதற்குப் புதுச்சேரிக்குத்தான் செல்ல வேண்டும்.

புதுச்சேரியில் 1819 முதல் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அவரவர் வழக்காறுகளும் தனிச்சட்டமும் உரியன என்று பிரெஞ்சு ஆட்சி ஏற்றிருந்தது. அது பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் சாதி வழக்காறும் அதனுள் அடங்கியது. அக்காலத்தில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்றொரு வழக்கறிஞர் இருந்தார். 1873 இல் அவர் ஐரோப்பியக் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துள் நுழைந்தார். சுதேசிகளுக்கு அது வழக்கமன்று என்று கூறி நீதிபதி தண்டித்தார். பிள்ளை பணியவில்லை, வழக்கைப் பாரிஸ் நகரின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்று வெற்றியும் கண்டார். ஒரு காலணிக்காகவா இத்தனை என்று எண்ணுவோர் இருக்கலாம். காலில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பிறன் தீர்மானிப்பதுதான் அங்கே வழக்கின் பொருள்.

1881 செப்டம்பர் 21 ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. விரும்பும் இந்தியர் தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம். ஏற்றபின் மீளல் இயலாது. மனைவிக்கும் வயது வராத மக்களுக்கும் அது பொருந்தும். துறந்தோர், 'ரெனோன்சான்' எனப்பட்டனர். பிரெஞ்சுச் சட்டப்படி வாழ்பவனுக்குத் தலைமுறை தோறும் தொடரும் குடும்பப் பெயர் வேண்டும். எனவே பதிவேட்டில் ஒரு பெயரைத் தேர்ந்து எழுத வேண்டும் என்று ஆயிற்று. கிறிஸ்தவர் பலரும், சாதிக் கொடுமையால் நலிந்தோர் பலரும் துறந்தனர். வேளாளரான பொன்னுத்தம்பி அவர்களுக்கு முன்னணியில் நின்றார். அவர் எடுத்துக்கொண்ட பெயரே லப்போர்த். தம்மவருக்கு வாயிலைத் திறந்தவர் என்பதால் அப்பெயரைக் கொண்டார் என்பர். கோட்டை வாயிற்காவலனைக் குறித்த சொல், மூடிய வாயிலைத் திறந்த ஒருவருக்குப் பெயராயிற்று.

ஊர் முழுவதும் அவரைப் பின்பற்றவில்லை. நாடு சண்முக முதலியார் என்னும் செல்வாக்கு மிக்க தலைவர் கடுமையாக எதிர்த்தார். முன்னோர் வழக்கையும் பெயரையும் விடுவது குலத்தை விடுவதாகும் என்பது அவர் தரப்பு. அக்கருத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது. பெயரோடு மணமுறையும் சொத்துரிமையும் மாறின. 1884 இல் அரசு வாக்காளரை மூன்று பட்டியலாகப் பிரித்தது: ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர். வாயிலைக் கடந்து உள்ளே சென்றவருக்கு அங்கேயும் ஒரு வாயில் சாத்தியிருந்தது என்றே கூற வேண்டும்.

ஊரிற் கிடைக்காத மதிப்பைத் துறந்தோர் வெளியூரில் தேடினர். கொச்சின்சீனா எனப்பட்ட தென் வியட்நாம் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சைகோன் நகரில் காவல்துறை, வரி அலுவலகம், சுங்கம், சிறைச்சாலை ஆகியவற்றில் அவர்கள் பணியேற்றனர். பிரெஞ்சுக் குடிமக்கள் என்ற தகுதி அங்கே சம்பளத்திலும் வாக்குரிமையிலும் பயன் தந்தது. புதுப் பெயரே அவர்களுக்குக் கடவுச்சீட்டாக அமைந்தது. வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சி 1954 இல் முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரியும் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று ஒப்பந்தம் முறைப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வேண்டுவோர் ஆறு மாதத்துள் எழுதித் தர வேண்டியிருந்தது. இவ்வாறு சைகோனிலிருந்தும் புதுவையிலிருந்தும் பல குடும்பங்கள் பிரான்சு சென்றன. பதிவேட்டில் எழுதிய பெயர், அதன் தாய்நாட்டுக்கே தமிழர் முகத்தோடு சென்று சேர்ந்தது.

புதுவையில் இன்றும் லப்போர்த் பெயரில் ஒரு வீதி உண்டு. இடையே ஒரு வேடிக்கை. 1963 இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேர், பிரெஞ்சு–தமிழ்க் கலப்புக் குடும்பத்திற் பிறந்தவர். அவர் பெயரைத் தாங்கிய அங்காடியைக் 'குபேர் அங்காடி' என்று மக்கள் வழங்குகின்றனர். வெளியூரார் பலர் அது குபேரன் பெயரென்றே நம்புகின்றனர். வாணிகம் நடக்கும் இடத்துக்கு அதுவும் பொருத்தந்தான்.

இதற்கு நேர்மாறான பயணமும் உண்டு. குவாதலூப், ரெயூனியோன் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தமிழரிடம் பிரெஞ்சுப் பதிவாளர் குடும்பப் பெயர் கேட்டார். அவர்கள் தம் பெயரைச் சொன்னார்கள். அதுவே சந்ததிக்கெல்லாம் குடும்பப் பெயராயிற்று. குவாதலூப்பில் 1863 இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், 1904 முதல் 1923 வரை இந்தியருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு வழக்காடி வென்றார். முதற்பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் சிதம்பரம்.

ராஸ்தா பேட்டை நண்பரிடம் இக்கதைகளைக் கூறினேன். "அப்படியானால் என் பேரனுடைய ஆட்நாவும் சுப்பிரமணியம்தானா?" என்று வினவினார். ஆம் என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, இரண்டாம் மகனுக்கான பள்ளிப் படிவத்தை எடுத்து வந்தார். அந்தக் கட்டம் இன்னும் நிரப்பப்படவில்லை. மனைவியை அழைத்து, என்ன எழுதலாம் என்று கேட்கத் தொடங்கினார். நான் விடைபெற்றுக்கொண்டேன்.