கொழும்பில் சில வாரக் குடியிருப்பு



வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கொழும்புக்கு வருவோர் எல்லோரும் அங்கே குடியேற வருவோர் அல்லர். மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறுவதற்காகத் தாயாரை அழைத்து வருகிறார் ஒருவர். தூதரகத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறார் இன்னொருவர். ஆறு வாரப் பயிற்சிக்கென வருகிறார் மற்றொருவர். ஓரிரவு என்றால் விடுதி போதும். ஓராண்டு என்றால் ஆறுதலாக வீடு தேடலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்று வாரமும் ஆறு வாரமுமே மனிதரைப் பெரிதும் அலைக்கழிக்கின்றன. முன்னாளில் உறவினர் வீடு இருந்தது. இன்று அந்த உறவினரும் இரண்டறைத் தொடர்மாடி வீட்டில் நெருக்குண்டு வாழ்கிறார். அவர் முகம் கோணாவிட்டாலும் நம் மனம் கோணிவிடுகிறது.

இத்தகையோர் பெரும்பாலும் முதலில் நினைப்பது வெள்ளவத்தையைத்தான். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. காலி வீதியின் இரு மருங்கிலும் உள்ள ஒழுங்கைகளில் நாட் கணக்கிலும் வாரக் கணக்கிலும் வாடகைக்கு விடும் தொடர்மாடி வீடுகள் உண்டு. தமிழில் பேசிக் காய்கறி வாங்கலாம். கோயிலும் கிட்ட இருக்கிறது. ஊரிலிருந்து வந்த வயோதிபருக்கு இவை சிறு ஆறுதல்கள் அல்ல. ஆயினும் ஒன்று கேட்கிறேன்: நாம் வந்தது எதற்காக? கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் நோயாளர் பலர் வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவர்கள். வெள்ளவத்தைக்கும் மகரகமவுக்கும் இடையே பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்டிய தூரம். காலை நேர நெரிசலில் உடல் தளர்ந்த ஒருவரை அவ்வளவு தூரம் அழைத்துச் சென்று, மீண்டும் அழைத்து வருவது மருந்தைவிடக் கொடிது. முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணத்தை நாள்தோறும் கூட்டிப் பார்த்தால், மகரகமவிலோ நுகேகொடையிலோ சற்றுக் கூடிய வாடகை கேட்டாலும் அது மலிவாகவே தோன்றும். அயலவர் சிங்களம் பேசுவோராயிருப்பர் என்று தயங்குவோர் உளர். நோயாளியோடு வந்திருக்கும் குடும்பத்துக்கு வெந்நீர் கொடுக்க மறுக்கும் அயலவரை நான் இன்னும் காணவில்லை. தூதரக அலுவலுக்கு வந்தவர் வெள்ளவத்தையிலேயே இருக்கட்டும். அவருக்குக் காலி வீதி பஸ் போதும்.

இடம் தெரிந்தபின் வீடு. வீட்டை இணையத்தளப் படத்தில் பார்த்து முற்பணம் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. படம் சுவரைக் காட்டும்; படிக்கட்டைக் காட்டாது. நான்காம் மாடி என்றால் மின்தூக்கி உண்டா, மின்சாரம் நின்றால் அதை இயக்க மின்பிறப்பாக்கி உண்டா என்று கேட்க வேண்டும். கொழும்பில் எவரேனும் தெரிந்தவர் இருப்பின், பணம் அனுப்புமுன் அவரை நேரிற் சென்று பார்த்துவரச் சொல்வதே மேல். குழாய் நீர் மேல்மாடிக்கு ஏறுகிறதா, அடுப்பும் பாத்திரமும் உண்டா, சமைக்க அனுமதி உண்டா என்பன அவர் அங்கே நின்று கேட்க வேண்டியவை.

மின்சாரத்தைப் பற்றி வேறாகவே சொல்ல வேண்டும். நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம், பாவித்த அலகு கூடக் கூட அலகொன்றின் விலையும் கூடும் முறையில் அமைந்தது. சொந்தக்காரர் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் ஒன்றில் இருவர்க்கும் ஒரே மானி என்றால், இருவர் பாவனையும் சேர்ந்து உயர்ந்த விலைக்கு ஏறிவிடும். பின்னர் பட்டியல் வந்ததும் பிணக்கு வரும். தனி மானி உண்டா என்று முதல் நாளே கேட்பதும், இருந்தால் நுழையும் நாளில் அதன் எண்ணைச் சொந்தக்காரர் முன்னிலையில் குறித்துக்கொள்வதும் நல்லது.

இனி எழுத்து. மோசடிகளைத் தடுப்பதற்கென 1840ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் சட்ட வலுப் பெறாது. ஒரு மாதத்துக்குட்பட்டதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதனாற்போலும், குறுங்காலத்துக்கு வருவோர் எதையும் எழுதாமலே பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். உறுதி தேவையில்லை என்பதற்காகப் பற்றுச்சீட்டும் தேவையில்லை என்றாகாது. எத்தனை நாள், எவ்வளவு பணம், முற்பணத்தில் எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும் என்று நான்கு வரி எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதும்.

குறுங்காலம் தங்குவோனுக்கு ஊரில் வலு இல்லை என்பதை நம் அண்மைக்கால வரலாறே காட்டியிருக்கிறது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி அதிகாலையில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோர், தங்குவதற்குத் தக்க காரணம் அற்றவர்கள் என்று சொல்லப்பட்டுப் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவர்களும் வெளிநாட்டுப் பயண அலுவலாக வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். அக்காலம் கடந்துவிட்டது. ஆனால் வாடகைக்கு வருவோனிடம் மட்டும் அடையாள அட்டைப் பிரதி கேட்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. கேட்பது நியாயமே, கொடுக்கலாம். பிரதியின் மேல், இன்ன வீட்டு வாடகைக்காக மட்டும் என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள். அவ்வாறே சொந்தக்காரரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நீங்களும் பெற்றுக்கொள்ளுங்கள். இதைக் கேட்கக் கூசுவோர் பலர். நேர்மையான சொந்தக்காரர் இதனால் மனம் நோகமாட்டார். நோகிறவரின் வீட்டை விட்டு வேறு வீடு பார்ப்பது நலம்.

தரகர் மூலம் போனால் அவர் கூலியை யார் கொடுப்பது என்பதையும் வீடு பார்க்குமுன்னரே பேசிவிட வேண்டும். வைத்தியசாலை அலுவலாக வருவோர் இன்னொன்றையும் சொந்தக்காரரிடம் சொல்லி எழுதிக்கொள்ளட்டும்: வைத்தியர் நாளைக் கூட்டினால் அதே வாடகைக்கு எத்தனை நாள் நீடிக்கலாம், குறைத்தால் மிச்சப் பணம் திரும்புமா என்பது. சிகிச்சைக்கு வந்தவர் ஊர் திரும்பும் நாளைத் தாமே நிச்சயிப்பதில்லை; அந்த நாளை முற்கூட்டியே அறிந்தவர் போல வாடகை பேசுவதாலேயே கடைசி வாரத்தில் பெட்டி படுக்கையோடு வேறு வீடு தேடி அலைய நேரிடுகிறது.