கழுத்தில் வந்த நெறி



'புற்றுநோய் உடலில் எப்படிப் பரவுகிறது' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் மருத்துவர் அல்ல. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று, ஒலிவாங்கியைப் பிடித்தவள். மருத்துவர்களிடம் கேள்வி கேட்பது என் தொழில். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

தெமியாங் வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்களைப் பார்த்ததும், வாய்ப்புற்றை வைத்தே பேசுவதென்று முடிவு செய்துவிட்டேன். தோட்டப்புறத்தில் வெற்றிலைப் பை இல்லாத பாட்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? 1993-94இல் நாடு முழுவதும் 11,697 பேரின் வாயைப் பல் மருத்துவர்கள் சோதித்தார்கள். புற்றுக்கு முந்திய மாற்றங்கள் இந்தியர்களில் 100க்கு 4 பேரிடம் இருந்தன. சீனர்களில் 200 பேருக்கு ஒருவரிடம்தான். புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொல்லிவிட்டது.

சரி, வாயில் வந்த நோய் கழுத்துக்கு எப்படிப் போகிறது?

நம் வாயின் உட்தோலில் உள்ள செல்களை லயத்து வீடுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். ஒட்டிப் பிடித்திருக்கும் பசையின் பெயர் இ-கேட்ஹெரின் என்ற புரதம். செல் புற்றாக மாறி முற்றும்போது, ஸ்னெயில், ட்விஸ்ட் போன்ற சில புரதங்கள் விழித்துக்கொண்டு, இந்தப் பசையைச் செய்யும் மரபணுவை அடக்கிவிடுகின்றன. பிடி தளர்ந்த செல் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு நகரத் தொடங்குகிறது.

பாக்கிலுள்ள அரிகோலின் இதில் உள்ளே புகுந்து வேலை செய்கிறது. அது டி.ஜி.எஃப்-பீட்டா என்னும் சமிக்ஞையைத் தூண்டுகிறது. அதனால் கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகுகிறது. வாய் சரியாகத் திறக்காமல், சோற்று உருண்டை நுழையாமல் சிரமப்படும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம், 'வயசாகிவிட்டது' என்றும் சொல்லியிருக்கிறோம். அதே சமிக்ஞைதான் புற்று செல்களைப் பிடி தளர்த்தி ஓடவும் தூண்டுகிறது.

உட்தோலுக்கு அடியில் மெல்லிய சவ்வு ஒன்று வேலி போல இருக்கிறது. பாராங்கால் புதரை வெட்டி வழி செய்வது போல, புற்று செல் சில நொதிகளைச் சுரந்து இந்த வேலியைக் கரைக்கிறது. இந்த நொதிகளை முடக்கினால் பரவலை நிறுத்திவிடலாம் என்று நம்பி, 1990களில் மாத்திரைகள் செய்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டு வலிதான் மிஞ்சியது.

வேலியைத் தாண்டினால் நிணநீர்க் குழாய். அதன் வழி போனால் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சு. நாம் 'நெறி' என்று சொல்வது இந்த முடிச்சு வீங்குவதைத்தான். அங்கே போகும்படி புற்று செல்லுக்கு யார் சொன்னது? உடலின் காவல் செல்களை வரவழைக்க அந்த முடிச்சு ஓர் இரசாயன அழைப்பை அனுப்புகிறது. அதை உணர காவல் செல்களிடம் சி.சி.ஆர்.7 என்ற 'காது' உண்டு. புற்று செல்லும் அதே காதை முளைக்க வைத்துக்கொள்கிறது. காவல்காரனுக்கு வந்த அழைப்பைக் கேட்டுத் திருடன் காவல் நிலையத்துக்கே போய் உட்காருகிறான்! மார்பகப் புற்று செல்களில் இந்தக் காது இருப்பதை 2001இல் அறிவித்தார்கள். வாய், தொண்டைப் புற்றுகளிலும் பிறகு கண்டார்கள்.

போகிற செல்லெல்லாம் பிழைப்பதில்லை. 1889இல் ஸ்டீபன் பேஜெட் என்ற இங்கிலாந்து அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தைச் சொன்னார். நாற்று மேடை போட்ட நம்மவர்களுக்கு இது புதிதல்ல. 1970இல் ஐசையா ஃபிட்லர் எலிகளின் இரத்தத்தில் புற்று செல்களை நேரடியாகவே செலுத்தினார். ஒரு நாள் கழித்து ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

இதை ஒரு காரணத்துக்காகத்தான் சொல்கிறேன். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று சொல்லி, சிறிய சதை எடுத்துச் சோதிப்பதற்குக்கூட விடாத குடும்பங்கள் இருக்கின்றன. செல் பரவுவதற்குப் பசையை உதற வேண்டும், வேலியைக் கரைக்க வேண்டும், காது முளைக்க வேண்டும், போன இடத்தில் பிழைக்க வேண்டும். கத்தி பட்டதால் இத்தனையும் வந்துவிடாது. தள்ளிப்போடும் மாதங்களில்தான் வருகிறது.

எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வைப் பாருங்கள். 2015இல் வெளியானது. ஆரம்ப நிலை வாய்ப்புற்று, கழுத்தில் எதுவும் தென்படாதவர்கள். ஒரு பிரிவினருக்கு வாயோடு சேர்த்துக் கழுத்து முடிச்சுகளையும் உடனே அகற்றினார்கள். மற்றவர்களுக்குக் கழுத்தில் தெரிந்த பிறகு அகற்றினார்கள். மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் 80 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்த பிரிவில் 67.5 விழுக்காடு. உடனே அகற்றிய முடிச்சுகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய பத்துப் பேரில் மூவருக்கு அங்கே புற்று ஏற்கெனவே குடியேறியிருந்தது. கைக்கும் கண்ணுக்கும் தெரியாமல்!

பல்வலியிலோ தொண்டைப் புண்ணிலோ வரும் நெறி வலிக்கும். புண் ஆறினால் அதுவும் வடியும். வலிக்காமல், கல் போல இறுகி, நாளுக்கு நாள் பெருக்கிற நெறி வேறு. அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அம்மா.

தோட்டப்புற மக்களை மனத்தில் வைத்து 1990களின் இறுதியிலேயே சுகாதார அமைச்சு வாய்ப்புற்றுப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அரசாங்கப் பல் கிளினிக்கில் பல்லை மட்டும் காட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். வெற்றிலை போடும் பழக்கம் உண்டு என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாக்கைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள், கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், கழுத்தின் இரு பக்கமும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் அடுத்த தவணைக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.