வெள்ளம் வடிந்த வீட்டில் ஒரு பட்டறை



மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் பெரியவர்கள் முதலில் ஆற்றைப் பார்ப்பார்கள். அடுத்து, வீட்டில் தரையோடு தரையாக நிற்கும் மின்சாமான்களைப் பார்ப்பார்கள். குளிர்பெட்டியை மேசைமேல் ஏற்ற ஆள் கிடைக்குமா, சலவை இயந்திரத்தை எங்கே தூக்கி வைப்பது என்ற பேச்சு உடனே எழும். அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. 2006 டிசம்பரில் வந்த வெள்ளம் சிகாமட்டைக் கலங்கடித்தது. 2011 ஜனவரி 30-ஆம் தேதி, இதே வட்டாரத்தின் தெனாங் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்த அன்றே வெள்ளம் சூழ்ந்தது. மக்கள் மழையிலும் நீரிலும்தான் ஓட்டுப் போடப் போனார்கள். 2023 மார்ச்சில் மறுபடியும் வெள்ளம். சிகாமட், லாபிஸ், சாஆ என்று வட்டாரமே தத்தளித்தது. ஜொகூர் மாநிலம் முழுவதும் பல்லாயிரம் பேர் நிவாரண மையங்களில் தங்கினார்கள்.

நீர் வடிந்த பிறகு தாமான்கள் எனும் குடியிருப்புகளின் தெருவோரம் மெத்தையும் சோபாவும் குவியும். அவற்றோடு காற்றாடி, அரிசிக் குக்கர், மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின் எல்லாம் சேறு அப்பிக் கிடக்கும். மெத்தையை யாராலும் மீட்க முடியாது. ஆனால் அந்தக் குவியலில் கிடக்கும் காற்றாடிகளில் பலவற்றுக்கு உயிர் இருக்கும். அதை அறிந்தவர்கள், கார் நிறுத்தும் முகப்பிலோ பின்கட்டிலோ ஒரு பழைய மேசையும் ஒரு கருவிப் பெட்டியும் வைத்திருப்பவர்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பட்டறைகளைப் பற்றியது இன்றைய உரை.

தோட்டத்து வாழ்க்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. பால்மரம் வெட்டியவர் தம் கத்தியைத் தாமே சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டார். கத்தியின் முனை மழுங்கினால் வெட்டு சீராக அமையாது, மரம் காயப்படும், பால் குறையும். அதனால் தீட்டுவதும் தொழிலின் பாதி. ரப்பர் ஆலையில் உருளை இயந்திரமும் என்ஜினும் ஓடின. அவற்றைப் பார்த்துக்கொள்ள பிட்டர் இருந்தார், அவருக்குக் கையாளாக ஓர் இளைஞன் இருந்தான். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, லயங்கள் காலியாகின, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. ஸ்பேனர் பெட்டி பல வீடுகளில் கூடவே வந்தது. அதைத் திறக்கத் தெரிந்த கைகள்தான் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வருகின்றன.

அந்தக் கைப்பழக்கத்தை எங்கே தொடங்குவது? காற்றாடியில் தொடங்கலாம். சுவிட்சைப் போட்டதும் முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை; அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு முன்வலையைக் கழற்றி, இதழைக் கையால் சுழற்றிவிட வேண்டும். தடையில்லாமல் சில சுற்று ஓடி மெல்ல நின்றால் உள்ளே அச்சைத் தாங்கும் புஷ் நன்றாக இருக்கிறது. கையை எடுத்ததுமே நின்றால், அச்சில் தலைமுடியும் தூசும் காய்ந்து இறுகிய எண்ணெயும் பசைபோல் ஒட்டியிருக்கிறது. அதைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டால் போதும். புஷ்ஷைச் சுற்றி ஒரு சிறு கம்பளித் துண்டு இருக்கும். அதுதான் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அச்சுக்குத் தரும். அந்தத் துண்டு நனையும்படி விட வேண்டும். சமையலறைத் தேங்காய் எண்ணெயை ஊற்றுவது தவறு. சில மாதங்களில் அது பிசினாகி, பழைய கதையே திரும்பும்.

இதழ் தாராளமாகச் சுற்றுகிறது, ஆனாலும் மின்சாரம் கொடுத்தால் கிளம்பவில்லையா? பெரும்பாலும் கெப்பாசிட்டர் பலம் இழந்திருக்கும். வீட்டுக்கு வரும் ஒற்றைக் கட்ட மின்சாரம் தனியாக ஒரு மோட்டாரைச் சுழலத் தொடங்க வைக்காது. இரண்டாவது சுருளுக்கு, நேரம் சற்று விலகிய மின்னோட்டம் ஒன்று வேண்டும். அந்த விலகலைத் தருவது மோட்டாரின் அருகே இருக்கும் கறுப்புப் பெட்டி. மேசைக் காற்றாடிகளில் அதன்மேல் 1.5 மைக்ரோஃபாரட் என்றோ அதற்கு அருகிலோ அச்சிட்டிருக்கும். அதில் தங்கியிருக்கும் மின்னேற்றத்தை இறக்கிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் 0.8, 0.9 என்று காட்டும். சில வெள்ளிக்கு வாங்கும் புதிய கெப்பாசிட்டர் அந்தக் காற்றாடிக்கு இன்னும் பல ஆண்டு ஆயுள் தரும். போட்டிருந்த அளவையே வாங்க வேண்டும். பெரியதைப் போட்டால் வேகம் கூடும் என்ற எண்ணத்தில் மோட்டாரைச் சூடேற்றிக் கெடுத்தவர்கள் உண்டு.

மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது: முனகல்கூட இல்லை, முழு அமைதி. வயரும் சுவிட்சும் சரியாக இருந்தால், மோட்டாரின் சுருளுக்குள் துணிநாடாவால் கட்டி மறைத்து வைத்த வெப்ப ஃபியூஸ் போயிருக்கலாம். மோட்டார் அளவுமீறிச் சூடானால் அது தன்னை அறுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கும். அவசரக்காரர்கள் அதைத் தாண்டி ஒரு கம்பியை முறுக்கி நேரடியாகச் சேர்த்துவிடுவார்கள். காற்றாடி ஓடும். அடுத்த முறை அச்சு இறுகினால் அதைத் தடுக்க எதுவும் இருக்காது. நள்ளிரவில், குழந்தை தூங்கும் அறையில் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கலாம். இந்த ஒரு வேலையை மட்டும் எந்த வீட்டுப் பட்டறையும் செய்யக் கூடாது. அதே வெப்ப அளவுள்ள ஃபியூஸைப் போட வேண்டும், கிடைக்காவிட்டால் காற்றாடியை விட்டுவிட வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த பொருளுக்குப் பொறுமை இன்னும் அதிகம் தேவை. "காய்ந்துவிட்டதே, போட்டுப் பார்ப்போம்" என்பதுதான் பெரிய ஆபத்து. ஆற்றுச் சேறு ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும். மோட்டாரைக் கழற்றி, சுருளில் ஒட்டிய மண் போகும்வரை நல்ல தண்ணீரில் பல முறை அலச வேண்டும். பிறகு காற்றோட்டத்திலும் வெயிலிலும் பல நாள் உலரவிட வேண்டும். கடைசியில், மெகர் கருவி உள்ள ஒருவரிடம் காட்டி 500 வோல்ட்டில் காப்புத்தடையைச் சோதிக்க வேண்டும். குறைந்தது ஒரு மெகாஓம் காட்டாவிட்டால் அதற்கு இன்னும் உலர்த்தல் தேவை. குளிர்பெட்டியின் கம்ப்ரசர் மூடி முத்திரையிட்டது, அதற்குள் நீர் எளிதில் போகாது. பக்கத்தில் இருக்கும் ரிலேயும் சுவருக்குள் இருக்கும் நுரையும்தான் கெடும்.

சில பொருள்களைத் திறக்கவே வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே 2,000 வோல்ட்டுக்கு மேல் உற்பத்தியாகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். பழைய கண்ணாடிக் குழாய் தொலைக்காட்சிக்கும் இதே எச்சரிக்கை. நீரில் ஊறிய லித்தியம் பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். சுவருக்குள் ஓடும் வயரிங், ஃபியூஸ் பெட்டி இரண்டும் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேனின் வேலை. எல்லை தெரிந்து நிறுத்துவதும் கைத்திறனில் சேர்த்திதான்.

இந்தத் திறன் ஒரு வீட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி, பழுதான பொருளும் பழுது பார்க்கத் தெரிந்தவரும் சந்திக்கும் ஒரு நாளை ஏற்பாடு செய்தார். ரிப்பேர் கஃபே என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. பெங்களூரில் 2015-இல் பூர்ணா சர்க்கார், அந்தரா முகர்ஜி இருவரும் அதைத் தொடங்கினார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில், சிங்கப்பூரில் 2014-இல் ரிப்பேர் கோப்பித்தியாம் தொடங்கியது. அதைத் தொடங்கிய சஸ்டெய்னபிள் லிவிங் லேப் நிறுவனத்தின் இணை நிறுவனர் வீரப்பன் சுவாமிநாதன் என்ற தமிழர். பொருளைக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து வாங்கிப் போகும் கடையல்ல அது. பொருளுக்கு உரியவர் தொண்டரின் பக்கத்திலேயே உட்கார வேண்டும். திருப்புளியை அவர் கையில்தான் கொடுப்பார்கள். பொருளோடு பழுது பார்க்கும் அறிவும் வீட்டுக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டின் உயிரே அதுதான்.

கழற்றிப் பார்ப்பவர் ஒரு நாள் புதிதாகச் செய்யவும் தொடங்குகிறார். கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி, மறுபடி பூட்டியே இயந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார். எல்லாரும் ஜி.டி. நாயுடு ஆகிவிட மாட்டார்கள். ஆனால் கெட்டுப்போன சலவை இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு தேங்காய் துருவ ஒரு கருவி செய்ய நினைக்கும் பதினாறு வயதுப் பிள்ளையை, "அதைத் தொடாதே" என்ற ஒற்றைச் சொல்லால் அனுப்பிவிடக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, எர்த் வயரை எங்கே பூட்ட வேண்டும், சுழலும் பாகத்துக்கு ஏன் மூடி வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வீசியெறிந்தால் என்ன ஆகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2022-இல் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவை உண்டாக்கியது என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. மலேசியாவில் மின்கழிவு 2005-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி அட்டவணைக் கழிவு. எஸ்டபிள்யூ 110 என்பது அதன் எண். ஈயமும் காட்மியமும் கலந்த அந்தப் பொருள்கள் ஆற்றோரக் குப்பையில் கிடந்தால், அடுத்த வெள்ளம் அவற்றை மீண்டும் நம் தோட்டங்களுக்கும் கிணறுகளுக்கும் கொண்டு வரும்.

சிகாமட்டில் இதற்கான ஆளும் இடமும் இருக்கின்றன. ஓய்வு பெற்ற பிட்டர்களும் எலெக்ட்ரீஷியன்களும் ஒவ்வொரு தாமானிலும் வாழ்கிறார்கள். கோயில் மண்டபங்களும் சமூக மண்டபங்களும் ஞாயிறு பிற்பகலில் பெரும்பாலும் காலியாக இருக்கின்றன. சிகாமட் சமூகக் கல்லூரி போன்ற கல்லூரிகள் பொதுமக்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன. வயது அதற்குத் தடையில்லை. மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மேசை, கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் உள்ள ஓர் இணைப்பு, ஒரு மல்டிமீட்டர் போதும். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் உங்கள் கோயில் நிர்வாகத்திடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ இதைக் கேட்டுப் பாருங்கள், நேயர்களே. கேட்கப் போகும்போது, கருவிப் பெட்டி வைத்திருக்கும் உங்கள் பக்கத்து வீட்டு மாமாவையும் அழைத்துச் செல்லுங்கள்.