தாய்மார் நல ஆய்வும் தோட்டத்துப் பெண்களின் கேள்விகளும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், பழைய மாணவிகள் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் மூவர். ஒருவர் குடும்ப நல உத்தியோகத்தர், ஒருவர் தாதி, ஒருவர் ஆசிரியை. மூவரும் லயக் காம்பராவிலிருந்து ஹட்டன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு இக்கல்லூரிக்கு வந்தவர்கள்தாம்.

சில வருடங்களுக்கு முன் தாய்மார் போஷாக்குப் பற்றிய ஓர் ஆய்வுக்கு வினாக்கொத்து நிரப்பிக் கொடுக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. மதிய நேரம் பிள்ளைக் காம்பராவில் காத்திருந்தோம். பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த தாய் ஒருவர், இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கீரை எத்தனை தரம், முட்டை எத்தனை தரம், இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகக் குடித்தீர்களா? முடிந்ததும் அவர் கேட்டார்:

"இம்புட்டும் கேட்டீங்க டீச்சர். மலையில ஒதுங்க எடமில்லன்னு வயித்துல புள்ளையோட காலையிலருந்து தண்ணி குடிக்காம நின்னேனே, அத எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?"

பக்கங்களைப் புரட்டினோம். அதற்கு இடம் இருக்கவில்லை. ஓரத்தில் எழுதினோம். ஓரத்தில் எழுதியது கணினியில் ஏறாது என்று பிறகு சொன்னார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. அந்தத் தோட்டத்துக்கு அது போகவில்லை. நாங்களும் கொண்டுபோகவில்லை. அந்தக் குறை எங்களுடையதும்தான்.

இலங்கையில் நிகழும் ஒவ்வொரு தாய் மரணமும் விசாரிக்கப்படுகிறது. உலகமே அதைப் பாராட்டுகிறது. ஆனால் 2016ஆம் ஆண்டுக் குடிசனவியல் சுகாதார அளவீட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்தில் 32 பேர். அந்தக் குறை தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. இத்தகைய எண்களைக் காலங்காலமாக எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பரிகாரம் அறிவூட்டல் வகுப்பு. உணவைப் பற்றி மட்டும் கேட்டால் உணவைப் பற்றிய புத்திமதிதானே வரும்?

வேறு விதமாகவும் செய்திருக்கிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் பழங்குடிப் பெண்கள் அதிகம் வாழும் மூன்று மாவட்டங்களில் 2005 முதல் 2008 வரை 'ஏக்ஜுட்' அமைப்பு ஓர் ஆய்வு நடத்தியது. (அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் அந்தப் பக்கத்து மக்களே. நமக்குத் தூரத்து உறவு என்றே நினைத்துக்கொள்வோம்.) ஆய்வின் சட்டகத்தை வகுத்தவர்கள் ஆய்வாளர்கள். எந்தப் பிரச்சினையை முதலில் எடுப்பது, அதற்கு என்ன செய்வது என்பதை, மாதந்தோறும் கூடிப் படமும் கதையும் விளையாட்டுமாகப் பேசி, பெண்களே தீர்மானித்தார்கள். கூட்டங்கள் நடந்த ஊர்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் சிசுக்கள் இறப்பது மற்ற ஊர்களைவிட நூற்றுக்கு 32 குறைந்தது. 2010இல் 'லான்செட்' சஞ்சிகை அதை வெளியிட்டது. தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் 1981 முதல் 'ரூசெக்' இயங்குகிறது. அதைத் தொடங்கிய பெண்களில் பெரும்பாலானோர் கிராமத்துத் தலித் பெண்கள். பிரித்தானியாவிலும் குறைமாதப் பிரசவம் பற்றி முதலில் எதை ஆராய வேண்டும் என்ற பட்டியலைத் தாய்மாரும் வைத்தியர்களும் சேர்ந்தே தயாரித்தார்கள்.

இதைக் கேள்விப்பட்ட பின் நாங்களும் அதே பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பிப் போனோம், வினாக்கொத்து இல்லாமல். வேலை நாளில் போனால் அரைப் பேர் போய்விடும் என்று பயந்தார்கள். ஞாயிறு பின்னேரம் போனோம். கங்காணி வாசலில் நின்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டுத்தான் பேச்சே தொடங்கியது. மாமியார்மாரை அனுப்ப எங்களால் முடியவில்லை!

கையொப்பத் தாளைக் கண்டதும் ஒரு பாட்டி எழுந்துவிட்டார். "இப்பிடித்தான் முந்தியும் ஒரு தாளு நீட்டுனாங்க. 500 ரூவா குடுத்தாங்க. அப்புறம் புள்ளையே இல்ல." 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் ஊக்கப்பணம் கொடுத்தது. விளக்கம் சொல்லிக் கேட்டார்களா, சொல்லாமலா? அவருக்கே இன்றுவரை தெளிவில்லை. நாற்பது வருடம் கழித்தும் தாளுக்கு அஞ்சுகிறவரிடம், "ஒத்துழைப்புக் குறைவு" என்று எந்த ஆய்வாளர் எழுதலாம்?

அவர் திரும்ப உட்கார்ந்தார். தாளை மடித்து வைத்துவிட்டு ஒரு கொப்பியை எடுத்தோம். அவர்கள் சொல்ல நாங்கள் எழுதினோம். எத்தனையாம் மாதத்தோடு சரிவு மலைக்குப் போவதை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் பேர் போடுவார்களா? இரவில் வலி வந்தால் லொறியில் போவதால் பிள்ளைக்கு என்ன ஆகும்? பிரசவ அறையில் தமிழ் பேச ஆளில்லாதபோது சொல்லாமல் விட்ட வலிகள் எத்தனை? தண்ணீர் குடிக்காமல் நிற்பது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்குமா? எங்கள் மூவரில் இருவர் சுகாதாரத் துறையினர். அவற்றில் பாதிக்கு எங்களிடம் பதில் இல்லை.

கொழும்பிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் வைத்தியர்களாக, விரிவுரையாளர்களாக இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். மலையகத் தாய்மாரைப் பற்றி ஆய்வு செய்ய நிதி கேட்டு எழுதும்போது, வினாக்கொத்து அச்சாகும் முன்பே இங்கே வாருங்கள். வந்து உட்காரும் தாய்க்கு ஒரு நாட்சம்பளத்தைக் கணக்கில் சேருங்கள். முடிவைத் தமிழில் பிள்ளைக் காம்பராவுக்கே கொண்டுவந்து வாசியுங்கள்.

அந்தக் கொப்பி இன்று தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். முதல் பக்கத்தில் இருப்பது தண்ணீர்க் கேள்வி.